அரசும் ஆண்டவனும் – 14: ஓட்டெடுப்புக்கு வந்த கடவுள்

கராச்சியில், பாகிஸ்தான் அரசியல் நிர்ணய சபையில், 1949 மார்ச் மாதம் நடந்ததைச் சென்ற அத்தியாயத்தில் பார்த்தோம். பிரதமர் லியாகத் அலி கான் 7ஆம் தேதி கொண்டுவந்த குறிக்கோள் தீர்மானம், உலகம் முழுவதன் மீதும் இறையாண்மை அல்லாஹ் ஒருவனுக்கே உரியது என்று தொடங்கியது. ஸ்ரீஸ் சந்திர சட்டோபாத்யாயா முதலிய சிறுபான்மை உறுப்பினர்கள் எவ்வளவோ மன்றாடிப் பார்த்தார்கள். அவர்கள் தரப்புத் திருத்தங்களுக்கு ஆதரவாக 10 ஓட்டு, எதிராக 21. மார்ச் 12 அன்று தீர்மானம் நிறைவேறியது. மதத்துக்கும் அரசாங்க அலுவலுக்கும் சம்பந்தமில்லை என்று 1947 ஆகஸ்ட் 11 அன்று அதே சபையில் பேசிய ஜின்னா மறைந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது.

அங்கிருந்து ஏழு மாதம் தாண்டி, 1949 அக்டோபர் 17க்கு வருவோம். இடம் டில்லி. அரசியல் நிர்ணய சபையின் வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஷரத்துகள் ஒவ்வொன்றாக நிறைவேறிவிட்டன. காஷ்மீருக்கான 306ஏ ஷரத்தை, பின்னாளில் 370 என்ற எண்ணைப் பெற்று நாடறிந்த அந்த ஷரத்தை, என். கோபாலசாமி ஐயங்கார் முன்மொழிந்து நிறைவேற்றியதும் அதே நாளில்தான். மீதமிருந்த பெரிய வேலை முகவுரை. சட்டம் முழுவதும் உருவான பிறகு அதற்குப் பொருந்தும்படி முகவுரையை எழுதிக்கொள்ளலாம் என்று கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார்கள். புத்தகத்தில் முதலில் வருவது சபையில் கடைசியில் வந்தது.

வரைவு முகவுரை, ‘இந்திய மக்களாகிய நாம்’ என்று தொடங்கியது. அதற்கு முன்னால் ‘கடவுளின் பெயரால்’ என்ற சொற்களைச் சேர்க்க வேண்டும் என்று எழுந்தார் ஹரி விஷ்ணு காமத்.

காமத்தை எளிதாக எடைபோட்டுவிட முடியாது. ஐ.சி.எஸ். பதவியை 1938இல் உதறிவிட்டு வந்தவர். சுபாஷ் சந்திர போஸின் ஃபார்வர்டு பிளாக்கில் இருந்தவர். மத்திய மாகாணத்திலிருந்து சபைக்கு வந்து, ஷரத்து ஷரத்தாக அம்பேத்கரைக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவர். சபையில் அவர் எழுந்து நிற்காத நாள் குறைவு. அவரை மதவெறியர் என்று எவரும் சொன்னதில்லை, சொல்லவும் முடியாது. கீதை காட்டும் மனநிலையோடு, செய்வதையெல்லாம் இறைவனுக்கு அர்ப்பணித்துச் செய்வதுபோல இந்த அரசமைப்பையும் அர்ப்பணித்துத் தொடங்குவோம் என்பதுதான் அவர் வைத்த வேண்டுகோள். இதில் வஞ்சகமோ உள்நோக்கமோ இருந்ததாக நான் நினைக்கவில்லை. அவர் மனதார நம்பியதைத்தான் கேட்டார். இந்த விவாதம் இன்றும் படிக்கத் தகுந்ததாக இருப்பதற்கு அதுவே காரணம். எதிரே நின்றவர் போலி என்றால் விடை சொல்வது சுலபம்.

அவர் தனியாகவும் இல்லை. மதன் மோகன் மாளவியாவின் மகன் கோவிந்த மாளவியா, பிரபஞ்சத்துக்கெல்லாம் அதிபதியான பரமேசுவரனின் அருளால் என்று தொடங்கும் வாசகத்தைக் கொடுத்திருந்தார். ஷிப்பன் லால் சக்சேனாவின் திருத்தத்தில் கடவுளோடு காந்தியும் இருந்தார். எல்லாம் வல்ல இறைவனின் தூண்டுதலால் மகாத்மா காந்தி தேசத்தை அடிமைத்தனத்திலிருந்து விடுதலைக்கு அழைத்துச் சென்றார் என்று முகவுரையே சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. காந்தி சுடப்பட்டு இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. அவர் பெயரைச் சேர்க்கக் கூடாது என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? பிரஜேஷ்வர் பிரசாத் சொன்னார். இது காந்திய அரசமைப்பு அல்ல, ஆகவே அவர் பெயரை இதில் ஏற்றக் கூடாது என்பது அவருடைய நேர்மையான வாதம்.

அசாமிலிருந்து வந்திருந்த ரோகிணி குமார் சௌதுரி எழுந்து வேறொரு திசையைக் காட்டினார். நாங்கள் காமாக்யா தேவியை வணங்குகிறவர்கள், சக்தி வழிபாட்டுக்காரர்கள். ஆண்பாலில் கடவுளை மட்டும் அழைத்துத் தேவியை விட்டுவிட்டால் எங்கள் கதி என்ன என்று கேட்டார். நான் இதை அன்றைய விவாதத்தின் நடுநரம்பாகவே பார்க்கிறேன். ‘கடவுள்’ என்று சபை எழுதப் புகுந்தால் எந்தக் கடவுள் என்ற கேள்வி அடுத்த நிமிஷமே வரும். கேட்கிறவர் வேற்று மதத்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே மதத்துக்குள்ளேயே, சைவர் ஒன்று, வைணவர் ஒன்று, சாக்தர் ஒன்று என்று கேட்பார்கள். வள்ளலார் வழியில் போகிறவரும் அய்யா வழியில் போகிறவரும் தமிழ்நாட்டில் வேறு வேறு சொல் வைத்திருக்கிறார்கள். பௌத்தரும் சமணரும் உலகைப் படைத்த கடவுள் என்ற கருத்தையே ஏற்பதில்லை. அத்தனை பேரையும் ‘நாம்’ என்று ஒரு சொல்லில் அடக்கிய வாக்கியத்துக்கு முன்னால் எந்தப் பெயரை வைப்பது?

இந்த இடத்தில்தான் பட்டம் தாணுப் பிள்ளை பேசினார்.

அவர் பேச்சு நீளமில்லை. தாம் கடவுள் நம்பிக்கை உள்ளவர் என்பதைச் சொல்லிவிட்டு, ஆனாலும் இந்தத் திருத்தம் நிறைவேறினால் அது நம்பிக்கை விஷயத்தில் கட்டாயப்படுத்துவதாகும் என்றார். கடவுளை நம்பவும் நம்பாமலிருக்கவும் மனிதனுக்கு உரிமை உண்டு என்று இதே அரசமைப்பு சொல்கிறது. அந்த உரிமையை அதன் முதல் வரியே பறிக்கலாமா என்பது அவர் கேள்வி.

தாணுப் பிள்ளை எங்கிருந்து வந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்தச் சில வாக்கியங்களின் கனம் தெரியும். அவர் ஊர் திருவிதாங்கூர். 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா தன் ராஜ்யம் முழுவதையும் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு எழுதிக்கொடுத்து, வாளைச் சந்நிதியில் வைத்து எடுத்துக்கொண்டார். திருப்படித்தானம் என்று பெயர் பெற்ற அந்த நாள் முதல், அந்த நாட்டின் அரசர்கள் பத்மநாப தாசர்கள். ராஜ்யம் சுவாமியுடையது, மன்னர் ஊழியக்காரர். நம் பத்மநாபபுரமும் நாகர்கோவிலும் சுசீந்திரமும் கன்னியாகுமரியும் இருநூறு ஆண்டுகள் அப்படிக் கடவுளின் பெயரால்தான் ஆளப்பட்டன. கடவுள் பெயரால் நடந்த அந்த ஆட்சியில், கோயிலைச் சுற்றியிருந்த தெருவில்கூட நடக்க முடியாதவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும் வரை அந்தக் கதவுகள் திறக்கவில்லை. பொறுப்பாட்சி கேட்டுப் போராடிய தாணுப் பிள்ளையைச் சிறையில் வைத்ததும் பத்மநாப தாசரின் அரசாங்கம்தான். 1948இல் அந்த நாட்டில் மக்களாட்சி வந்தபோது பிரதம மந்திரியாக முதலில் பதவியேற்றவரும் அவரே. கடவுள் பெயரால் நடக்கும் அரசாங்கம் எப்படி இருக்கும் என்பதை அன்று அந்த மண்டபத்தில் இருந்தவர்களில் தாணுப் பிள்ளை அளவுக்குப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். அவர் அதைத் தம் பேச்சில் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் நான் அந்தப் பேச்சைப் படிக்கும்போதெல்லாம் பத்மநாபபுரம் அரண்மனைதான் கண்ணில் வருகிறது.

அடுத்து ஹிருதயநாத குன்ஸ்ரு. இந்திய ஊழியர் சங்கத்தின் தலைவர், அளந்து பேசுகிறவர். நம் உள்ளத்தின் மிக ஆழமான, மிகப் புனிதமான உணர்வு ஒன்றை விவாத மேடைக்கு இழுத்து வந்ததே வருத்தம் தருகிறது என்றார். எண்ணத்திலும் நம்பிக்கையிலும் வழிபாட்டிலும் சுதந்திரம் தருவதாக முகவுரை வாக்களிக்கிறது; அதே முகவுரையில் எல்லோர் மீதும் ஒரு நம்பிக்கையை ஏற்றுவது அதற்கு முரண் என்றார். கடவுளின் பெயரைச் சொல்லி நாம் காட்டுவது குறுகிய மனம்தான் என்று சொல்லவும் அவர் தயங்கவில்லை.

பூர்ணிமா பானர்ஜி அலகாபாத்திலிருந்து வந்தவர், அருணா ஆசப் அலியின் தங்கை. அவர் காமத்திடம் நேரடியாகவே கேட்டுக்கொண்டார்: கடவுளுக்கு ஓட்டுப் போடும் சங்கடத்துக்கு எங்களை ஆளாக்காதீர்கள், திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

காமத் கேட்கவில்லை. சபைத் தலைவராக இருந்த ராஜேந்திர பிரசாத் ஓட்டுக்கு விட்டார். கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். கடவுளின் பெயரைச் சேர்க்க 41. வேண்டாம் என்று 68.

நம் சரித்திரத்தில் இது கறுப்பு நாள், கடவுள்தான் இந்தியாவைக் காப்பாற்ற வேண்டும் என்று காமத் மனம் நொந்து சொன்னார். அவர் வேதனை உண்மையானது.

இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சபையின் மொத்த உறுப்பினர்கள் 299 பேர். அன்று கை தூக்கியவர்கள் 109 பேர்தான். 41 என்பது புறந்தள்ளக்கூடிய எண் அல்ல. பதினான்கு பேர் மனம் மாறியிருந்தால் முடிவு மாறியிருக்கும். பிரிவினையின் ரத்தம் காயாத நாட்டில், எல்லைக்கு அந்தப் பக்கம் ஆண்டவன் பெயரால் தீர்மானம் போட்டு ஏழே மாதம் ஆன நிலையில், இந்தப் பக்கமும் அப்படியே செய்வோம் என்ற இழுப்பு எவ்வளவு இருந்திருக்கும்! அதை மீறி அறுபத்தெட்டு பேர் மறுத்தார்கள். மறுத்துப் பேசியவர்கள் கடவுளைப் பழித்தவர்கள் அல்லர். நம்பிக்கை என்பது பெரும்பான்மையால் முடிவு செய்யத் தகாத அளவுக்கு உயர்ந்தது என்று கருதியவர்கள். மதத்தை அரசிலிருந்து தள்ளி வைக்கச் சொல்வது நாத்திகர்களின் வேலை என்று இன்று மேடைக்கு மேடை பேசுகிறார்கள். அவர்கள் தாணுப் பிள்ளையையும் குன்ஸ்ருவையும் படிக்க வேண்டும். இந்தக் குடியரசின் முதல் வரியில் கடவுள் பெயர் இல்லாமல் போனதற்கு, கடவுளை நம்பியவர்களின் பங்கு பெரிது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் இது மறக்கப்பட்டுவிட்டது.

ஆனால் காமத் முழுக்கத் தோற்றுவிடவில்லை. முந்தைய ஆண்டு 1948 டிசம்பர் 27 அன்று குடியரசுத் தலைவரின் பதவிப் பிரமாணம் பற்றிய விவாதத்தில், அவரும் மகாவீர் தியாகியும் கடவுளின் பெயரைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். அங்கே சபை வேறொரு வழி கண்டது. ‘கடவுளின் பெயரால் ஆணையிடுகிறேன்’ என்றும் சொல்லலாம், ‘உளமார உறுதி கூறுகிறேன்’ என்றும் சொல்லலாம். பதவி ஏற்பவர் எதையேனும் ஒன்றைத் தேர்ந்துகொள்ளட்டும். முகவுரையில் வராத கடவுள் பிரமாணத்தில் வந்ததற்குக் காரணம் எளிது. முகவுரை முப்பத்தைந்து கோடிப் பேரின் குரல். பிரமாணம் ஒரு தனி மனிதரின் வாக்கு. அவர் தன் மனதுக்குச் சாட்சியாக எதை வைத்துக்கொள்கிறார் என்பது அவர் விருப்பம்.

அந்த வழி எவ்வளவு பயனுள்ளது என்பது பதினெட்டு ஆண்டு கழித்துச் சென்னையில் தெரிந்தது. 1967 மார்ச் 6 அன்று அண்ணாவும் அவருடைய அமைச்சர்களும் கடவுள் பெயரைச் சொல்லாமல் உளமார உறுதி கூறிப் பதவியேற்றார்கள். எந்தச் சட்டச் சிக்கலும் எழவில்லை. கடவுள் மறுப்பு இயக்கத்தின் மடியில் வளர்ந்தவர்கள் ஒரு மாநிலத்தை ஆள வந்தபோது, அவர்கள் உதட்டில் பொய்யை ஏற்றாமல் உள்ளே விட்டது அந்த இரட்டை வாசகம். பின்னால் வந்த முதலமைச்சர்களில் ஆண்டவன் பெயரால் ஆணையிட்டவர்களும் உண்டு. இரண்டு வகையினரும் ஒரே கோட்டையில், ஒரே நாற்காலியில் உட்கார்ந்தார்கள்.

முகவுரை விவாதத்தைப் பற்றியே இவ்வளவு எழுதியதற்குக் காரணம், அது தெளிவாக முடிந்த விவாதம். மற்றவை அப்படி முடியவில்லை.

கே.டி. ஷா என்ற பொருளாதாரப் பேராசிரியர், ‘மதச்சார்பற்ற’ என்ற சொல்லை அரசமைப்பின் முதல் ஷரத்திலேயே போட வேண்டும் என்று 1948 நவம்பர் 15 அன்று கேட்டார். கூடவே ‘சோஷலிச’ என்ற சொல்லையும் கேட்டார். அம்பேத்கர் ஏற்கவில்லை. சமூகமும் பொருளாதாரமும் எப்படி அமைய வேண்டும் என்பதை வருங்கால மக்கள் முடிவு செய்யட்டும், நாம் இப்போதே கட்டிப்போட வேண்டாம் என்றார். அவருடைய பதில் பெரும்பாலும் சோஷலிசத்தைப் பற்றியதே. டிசம்பர் 3 அன்று, எந்த மதத்தோடும் அரசுக்குச் சம்பந்தம் கிடையாது என்று தனி ஷரத்தே வேண்டும் என்று ஷா மறுபடி வந்தார். அதுவும் தோற்றது. ‘மதச்சார்பற்ற’ என்ற சொல் முகவுரையில் ஏற 1976இன் 42ஆவது திருத்தம் வரை, அதுவும் நெருக்கடி நிலைக் காலம் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

கடவுள் பெயரையும் சேர்க்கவில்லை, மதத்தோடு தொடர்பே இல்லை என்றும் எழுதவில்லை. அப்படியானால் சபை என்னதான் செய்தது?

இதற்கு விடை 25ஆவது ஷரத்தில் இருக்கிறது. அதன் கதை 1947 மார்ச்சில் தொடங்குகிறது. அடிப்படை உரிமைகளுக்கான துணைக்குழு, மதத்தைக் கடைப்பிடிக்கும் உரிமை என்று எழுதிய உடனே ராஜகுமாரி அம்ருத் கௌர் பதறினார். ஹன்சா மேத்தாவும் அவர் பக்கம். மதத்தைக் கடைப்பிடிப்பது என்ற பெயரில் பர்தா, பலதார மணம், பெண் குழந்தைகளைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவது எல்லாம் அடிப்படை உரிமையாகிவிடாதா என்று கேட்டார். அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக ஒப்புக்கொண்டார்.

பொட்டுக் கட்டும் வழக்கத்தைப் பற்றிச் சென்னை மாகாணத்துக்காரர்களுக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927இலிருந்து சட்டமன்றத்தில் அதற்காகப் பேசியவர். 1930இல் மசோதா கொண்டுவந்தார். அது மதம், மரபு, சாஸ்திரம் என்று என்னென்னவோ காரணங்களால் தள்ளிப்போய், 1947இல்தான் சென்னை தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் டில்லியில், மதச் சுதந்திரம் என்ற ஒரு வரி அப்படிப்பட்ட சட்டங்களை அடித்துவிடக் கூடாதே என்று இரண்டு பெண்கள் கவலைப்பட்டார்கள். அவர்கள் கவலைதான் 25ஆவது ஷரத்தின் இரண்டாம் பிரிவாயிற்று. மதச் சுதந்திரம் உண்டு; ஆனால் சமூகச் சீர்திருத்தத்துக்காகவும், இந்துக் கோயில்களை எல்லா வகுப்பாருக்கும் திறந்துவிடவும் அரசு சட்டம் போடலாம். 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைந்தவர்களின் காலடியும் அந்தப் பிரிவுக்குள் இருக்கிறது என்றே சொல்வேன்.

மதத்துக்கும் அரசுக்கும் நடுவே மதில் எழுப்புவதுதான் நவீனம் என்று நினைப்பவர்களுக்கு இது புரியாது. இங்கே மதில் எழுப்பியிருந்தால் பறையர் குலத்துப் பிள்ளை கோயிலுக்கு வெளியிலும், பொட்டுக் கட்டிய சிறுமி உள்ளேயும் அப்படியே இருந்திருப்பார்கள். அரசின் கை உள்ளே நீள வேண்டியிருந்தது. நீண்ட கை எங்கே நிற்க வேண்டும் என்பதுதான் அன்று முதல் இன்று வரை ஓயாத வழக்கு. சென்னை அரசு 1951இல் கொண்டுவந்த இந்து அறநிலையச் சட்டத்தை எதிர்த்து ஷிரூர் மடாதிபதி போட்ட வழக்கில், ஒரு மதத்துக்கு இன்றியமையாத நடைமுறை எது என்பதை அந்த மதத்தின் கோட்பாட்டை வைத்தே அறிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1954இல் சொன்னது. அதைப் பற்றித் தனியே எழுதுவேன்.

மதத்தைப் பரப்பும் உரிமையும் அதே ஷரத்தில்தான். லோகநாத் மிஸ்ரா அதைக் கடுமையாக எதிர்த்தார். தஜமுல் ஹுசைன் இன்னும் மேலே போய், மதம் என்பது மனிதனுக்கும் ஆண்டவனுக்கும் இடையிலான சொந்த விஷயம், வீட்டுக்குள் வைத்துக்கொள்ளட்டும், வெளியே தெரியும் மதச் சின்னம்கூட வேண்டாம் என்றார். இதற்குச் சென்னைக்காரர்களிடமிருந்து வந்த பதிலில் ஒரு நிதானம் இருந்தது. டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1948 டிசம்பர் 6 அன்று தம் சொந்த அனுபவத்தைச் சொன்னார். பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்தேன், என்னை மதம் மாற்ற ஒருவரும் முயன்றதில்லை என்றார். எல். கிருஷ்ணசாமி பாரதி, இந்த உரிமை கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று ஏன் எண்ண வேண்டும், எல்லா மதத்தாரும் தம் கொள்கையை மக்களுக்கு எடுத்துச் சொல்லத்தானே வேண்டும் என்ற முறையில் ஆதரித்தார். அன்று அவைக்குத் தலைமை தாங்கிய துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி வங்காளக் கிறிஸ்தவர். ‘பரப்ப’ என்ற சொல் தங்கியது.

இதற்குப் பதின்மூன்று நாள் முன்பு, நவம்பர் 23 அன்று, சென்னையின் இரண்டு குரல்கள் எதிரெதிரே நின்றன. பொது உரிமையியல் சட்டம் பற்றிய ஷரத்து வந்தபோது, சென்னையிலிருந்து வந்த முகமது இஸ்மாயில் சாஹிப், நாம் காயிதே மில்லத் என்று அழைக்கும் திருநெல்வேலிக்காரர், எந்தச் சமூகமும் தன் சொந்தச் சட்டத்தைக் கைவிடும்படி கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று திருத்தம் கொடுத்தார். சொந்தச் சட்டம் என்பது ஒரு சமூகத்தின் மதத்திலும் வாழ்க்கை முறையிலும் ஒரு பகுதி என்பது அவர் நிலை. மலபாரின் போக்கர் சாஹிப் துணை நின்றார். பதில் சொன்னவர்களில் ஒருவர் அல்லாடி. வெள்ளைக்காரன் எல்லோருக்கும் ஒரே குற்றவியல் சட்டம் கொண்டுவந்தபோது யாரும் எதிர்க்கவில்லையே என்று கேட்டார். அம்பேத்கர் ஒரு சரித்திர உண்மையை எடுத்து வைத்தார். வடமேற்கு எல்லை மாகாணத்து முஸ்லிம்கள் 1935 வரை வாரிசுரிமையில் இந்துச் சட்டத்தையே பின்பற்றினார்கள், மலபாரில் மருமக்கத்தாயம் முஸ்லிம்களிடமும் இருந்தது என்றார். அதோடு நிற்காமல், வருங்காலப் பாராளுமன்றம் விரும்பி ஏற்பவர்களுக்கு மட்டும் அந்தச் சட்டம் என்று தொடங்கலாமே என்று இறங்கி வந்தார். இஸ்மாயில் சாஹிபின் திருத்தம் தோற்றது. ஆனால் அந்த ஷரத்து இன்று வரை வழிகாட்டும் கொள்கையாகவே நிற்கிறது.

மறுநாள் நவம்பர் 24, பசுவதைத் தடை. தாக்கூர் தாஸ் பார்கவா திருத்தம் கொண்டுவந்தார். சேட் கோவிந்த தாஸ் பண்பாட்டையும் சமயத்தையும் சேர்த்தே பேசினார். ஆனால் ஷரத்தில் ஏறிய வாசகம் விவசாயத்தையும் கால்நடை வளர்ப்பையும் நவீன அறிவியல் முறையில் அமைப்பது பற்றியது. உத்தரப் பிரதேசத்தின் இசட்.எச். லாரியும் அசாமின் சாதுல்லாவும் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள்: இது உங்கள் மத உணர்வு என்றால் அப்படியே வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள், பொருளாதாரத்தின் பெயரில் சொல்லாதீர்கள். அவர்கள் கேட்ட வெளிப்படை அன்று கிடைக்கவில்லை. முகவுரையில் காட்டிய தெளிவு இங்கே சபைக்கு இல்லாமல் போனது என்பதே என் கருத்து. அதற்கான விலையை நாடு பின்னால் கொடுத்தது.

இன்னொரு ஷரத்தைச் சொல்லாமல் இந்த அத்தியாயத்தை முடிக்க முடியாது. 27ஆவது ஷரத்து, ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்ப்பதற்கென்று யாரிடமும் வரி வாங்கக் கூடாது என்கிறது. அதே அரசமைப்பின் 290ஏ ஷரத்தைப் புரட்டினால், திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்கு ஆண்டுதோறும் 46,50,000 ரூபாய் கேரளத்தின் தொகுநிதியிலிருந்தும், 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்–கொச்சியிலிருந்து நம்மோடு இணைந்த பகுதிகளின் இந்துக் கோயில்களுக்காக 13,50,000 ரூபாய் தமிழ்நாட்டின் தொகுநிதியிலிருந்தும் கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. 1956இன் ஏழாவது திருத்தம் சேர்த்த ஷரத்து அது. இதற்கு வேர் 1810களில் இருக்கிறது. கர்னல் மன்றோ திருவிதாங்கூரின் ரெசிடென்டாகவும் திவானாகவும் இருந்த காலத்தில் கோயில்களின் நிலங்களையும் சொத்துகளையும் அரசு எடுத்துக்கொண்டது. அந்த வருமானம் கஜானாவில் கலந்தது. எடுத்தவன் பராமரிக்க வேண்டும் என்ற கடமையும் கூடவே வந்தது. ஆகவே சுசீந்திரத்துக்கும் குமரிக்கும் போகும் பணம் புது மானியம் அல்ல, பழைய கடன். ஆனால் அந்தக் கடன் ஒரு குடியரசின் அரசமைப்புக்குள் எழுதப்பட்டிருக்கிறது. மத விஷயத்தில் இந்த நாடு எந்த ஒரு சூத்திரத்துக்குள்ளும் அடங்காது என்பதற்கு வேறு ஆதாரம் தேட வேண்டியதில்லை.

அடுத்த அத்தியாயம் சோமநாதபுரம். 1951 மே 11 அன்று அங்கே நடந்த பிரதிஷ்டைக்குக் குடியரசுத் தலைவர் போகக் கூடாது என்று நேரு நினைத்தார். ராஜேந்திர பிரசாத் போனார்.